திரும்புவது மணிக்கட்டு அல்ல

நான் பார்த்துவரும் ஓர் இளம் கிரிக்கெட் மட்டையாளனுக்கு 'ரிஸ்ட் பிளேயர்' (மணிக்கட்டால் ஆடுபவன்) என்று முத்திரை குத்தியாகிவிட்டது. நடு ஸ்டம்புக்கு வரும் பந்தை மிட் விக்கெட் பக்கம் ஃபிளிக் செய்து உருட்டிவிட்டால் வர்ணனையாளர்கள் மணிக்கட்டைக் கொண்டாடுகிறார்கள். அதே பந்து லீடிங் எட்ஜாகி மேலே எழும்பினால் மணிக்கட்டைத் திட்டுகிறார்கள். இரண்டுமே தப்பு.

ஒன்று செய்து பாருங்கள். முழங்கையை மேசையில் ஊன்றி, மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே முன்கையை மறு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைத் திருப்பப் பாருங்கள். அசையாது. மணிக்கட்டு முன்னும் பின்னும் மடியும், பக்கவாட்டில் சாயும், அவ்வளவுதான். பிடியை விடுங்கள், உள்ளங்கை சட்டென்று புரளும். புரண்டது முன்கை.

முன்கைக்குள் இரண்டு எலும்புகள். அல்னா முழங்கையில் தடித்து, மணிக்கட்டை நெருங்க நெருங்க மெலியும். ரேடியஸ் எனும் ஆரை எலும்பு நேர்மாறு: முழங்கையில் சிறு வட்டத் தலை, மணிக்கட்டில் அகன்ற அடி. அந்த வட்டத் தலை ஒரு தசைநார் வளையத்துக்குள் சுழலும். உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்போது இரண்டும் இணையாகக் கிடக்கும். கையைக் கவிழ்த்தால் ரேடியஸ் அல்னாவின் குறுக்கே ஏறிப் படுக்கும். கையின் 27 எலும்புகளும் ரேடியஸோடுதான் ஒட்டிப் போகின்றன. மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளும் அதில் அடக்கம்.

இப்போது அந்த ஃபிளிக்கைப் பாருங்கள். வலக்கை ஆட்டக்காரன் அவன். கீழ்க்கை கவிழ்கிறது, மேல்கை மல்லாக்கிறது. இரண்டு முன்கைகளும் இப்படிச் சேர்ந்து திரும்பும்போது மட்டையின் முகம் மூடுகிறது. மட்டை இறங்கி வந்த பாதை நேரானது; முகம் மட்டுமே கடைசியில் திரும்பியது. 'குறுக்கே ஆடுகிறான்' என்று அவனைப் பழிப்பவர்கள் மட்டை எங்கே முடிந்தது என்று பார்க்கிறார்களே ஒழிய, எந்த வழியாக வந்தது என்று பார்ப்பதில்லை.

அவனுடைய திறமை என்று நான் சொல்வது, எப்போது கையைப் புரட்டுவது என்ற முடிவை. முன்கைக்கு ஏறத்தாழ 150 பாகை சுழற்சி உண்டு. ஃபிளிக்குக்கு அதில் சிறு பங்கு போதும். தோளைச் சுழற்றி அடிப்பவன் சீக்கிரமே தீர்மானித்தாக வேண்டும். இவன் பந்து பிட்ச் ஆகி, விலகுமா உள்ளே வருமா என்று தெரியும்வரை நேர்மட்டையோடு காத்திருக்கலாம். காத்திருக்கவும் செய்கிறான். நான் பார்த்தவரை, அவன் மாட்டிக்கொள்வது கீழ்க்கை அவசரப்படும் நாட்களில்தான். அதற்கு ஷாட்டையே கைவிடச் சொல்லும் பயிற்சியாளர்கள்மீது எனக்கு உண்மையான கோபம் உண்டு. கீழ்க்கைப் பிடியைத் தளர்த்தச் சொன்னால் போதாதா?

ஒரு கவலையும் இருக்கிறது. சுண்டுவிரல் பக்கம் ஹாமேட் என்ற மணிக்கட்டு எலும்பில் கொக்கிபோல ஒரு நீட்சி உண்டு. கோல்ஃப், பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்குக் கைப்பிடியின் நுனி அழுத்தி அது முறிவதுண்டு. ஓய்வில்லாமல் ஆடும் பையன் உள்ளங்கை வலி என்று சொன்னால் சாதாரணச் சுளுக்கென்று விட்டுவிடக் கூடாது.

இங்கிலாந்துக்கு ஆடப் போனால் முதல் சில ஆட்டங்கள் அவனுக்குக் கசக்கும். அங்கே தாமதமாக ஸ்விங் ஆகும் பந்து அவன் புரட்டிய பிறகும் விலகும். வசை கிளம்பும், அணியிலிருந்து நீக்கச் சொல்வார்கள். நீக்கிவிடாமல் ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போனால், பெர்த்தில் நெஞ்சுயரம் எழும் பந்தை இதே முன்கைப் புரட்டலால் தரையோடு அழுத்தி ஸ்கொயர் லெக்குக்குப் பின்னால் அனுப்புவான். அன்றைக்கும் வர்ணனையில் மணிக்கட்டைத்தான் புகழ்வார்கள்.