கான்கிரீட் பிழைத்தது, குடியிருந்தவர்கள்?

இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரப் பேருந்து நிலையம் 1969இல் கட்டப்பட்டது. மேல்தளங்களில் சுமார் 1,100 கார்கள் நிற்கலாம். தளங்களின் விளிம்பெங்கும் வளைந்தெழும் கான்கிரீட் தடுப்புகள். 2012இல் நகராட்சி அதை இடிக்கத் தீர்மானித்தது. முன்பு நிராகரிக்கப்பட்ட பாதுகாப்புக் கோரிக்கை 2013இல் ஏற்கப்பட்டது. இன்றும் அங்கிருந்துதான் பேருந்துகள் புறப்படுகின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கட்டடங்களைக் காப்பதில் இங்கிலாந்தின் பெரிய பலம், முதுமைக்காகக் காத்திராததுதான். முப்பது வயதானால் போதும். மிகச் சிறந்ததாகவும் ஆபத்திலும் இருந்தால் அதுவும் தேவையில்லை. நார்மன் ஃபாஸ்டரின் இப்ஸ்விச் அலுவலகம் 1975இல் எழுந்து, 1991இலேயே முதல்தரப் பாதுகாப்பைப் பெற்றது. டெல்லியில் நடந்தது நேரெதிர். ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1972இல் உருவாக்கிய ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ அரங்குக்கு அறுபது வயதாகவில்லை என்று பாதுகாப்பு மறுக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் அது இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. நவீனத்துவக் கட்டடங்களுக்கு ஆபத்தான பருவமே அந்த நடுவயதுதான்: புதுமை போய்விடுகிறது, பழமையின் மதிப்பு இன்னும் வந்து சேர்வதில்லை.

ஆனால் குடியிருப்புகளில் இங்கிலாந்தின் இதே முறை சறுக்குகிறது. எர்னோ கோல்ட்ஃபிங்கர் வடிவமைத்த கிழக்கு லண்டனின் பால்ஃப்ரன் டவர் 1967இல் எளிய மக்களுக்கான அரசு வாடகை வீடுகளாக எழுந்தது. 1996இல் பாதுகாக்கப்படும் கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2015இல் அதன் பாதுகாப்புத் தரமும் உயர்ந்தது. பின்னர் நடந்த சீரமைப்பில் வாடகைதாரர்கள் வெளியேற, வீடுகள் தனியார் சந்தைக்குப் போயின. ஷெஃபீல்டின் பார்க் ஹில்லும் 1998இல் பட்டியலேறியது. பால் வண்டி செல்லுமளவு அகலமான அதன் மாடித் தெருக்கள், அக்கம்பக்கத்தார் கூடிப் பழகுவதற்காகவே போடப்பட்டவை. சீரமைப்புக்குப் பின் அங்கும் பெரும்பாலான வீடுகள் விற்பனைக்கு வந்தன. முதல் கட்டத்தில் செங்கல் சுவர்களை எடுத்துவிட்டு வண்ண அலுமினியத் தகடுகளைப் பொருத்தினார்கள். மிஞ்சியது கான்கிரீட் சட்டகம்.

கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் செலவு கடுமையாகும். தனியார் பணமின்றி இவை நிற்காது என்ற வாதத்தில் உண்மை உண்டு. இடிப்பதும் மாற்றல்ல. பாதுகாப்பு மறுக்கப்பட்டு இடிக்கப்பட்ட லண்டனின் ராபின் ஹுட் கார்டன்ஸ் குடியிருப்பிலிருந்து மூன்று மாடி உயரத் துண்டு ஒன்று அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே யார் குடியிருக்க முடியும்?

ஆனாலும், யாருக்காக, எதற்காகக் கட்டப்பட்டது என்பதும் இக்கட்டடங்களின் வடிவமைப்பில் சேர்ந்ததுதான். ஜன்னல் சட்டத்தை மாற்றவே அனுமதி கேட்கும் விதி, குடியிருப்பவர்களை மொத்தமாக மாற்றும்போது வாய் திறப்பதில்லை. பட்டியலில் சேரும் அரசுக் குடியிருப்புகளில் வாடகை வீடுகளில் ஒரு பங்கேனும் நிலைக்க வேண்டும் என்பதைச் சீரமைப்பு நிதிக்கான நிபந்தனையாக்க வேண்டும்.