சக்கரத்துக்குள் வெப்பமண்டலம்: சைக்கிள் பயண எழுத்தை வடசென்னையிலிருந்து வாசித்தல்

ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹண்டர் வொர்க்மன் என்ற அமெரிக்கத் தம்பதி 1904இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார்கள். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'நகரத்தினூடும் காட்டினூடும்.' துணைத்தலைப்பு இன்னும் நீளம்: இந்தியச் சமவெளியின் கோயில்கள், மக்கள் நடுவே சைக்கிளில் பதினாலாயிரம் மைல். 1890களின் கடைசியில் இலங்கையிலிருந்து இந்தப் பக்கம் வந்து, மதுரை, தஞ்சாவூர் என்று கோயில் கோயிலாகப் பார்த்துக்கொண்டு போனவர்கள். இந்தத் தலைப்பின் இலக்கணம் கவனிக்கத்தக்கது. முதலில் கோயில், அப்புறம்தான் மக்கள். இரண்டும் ஒரே வரிசையில், பார்க்கப்படும் பொருளாக. நகர்வது ஒன்றே ஒன்றுதான், எழுதுகிறவரின் சக்கரம். அதற்கு மட்டும் மைல் கணக்கு உண்டு.

இவர்கள் முதலாமவர்கள் அல்ல. முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருந்த பழைய வண்டியில் உலகம் சுற்றக் கிளம்பிய தாமஸ் ஸ்டீவன்ஸ் 1886இல் லாகூரிலிருந்து கல்கத்தா வரை வந்தார். ஜான் ஃபாஸ்டர் ஃபிரேசரும் இரண்டு கூட்டாளிகளும் 1896 முதல் 1898 வரை 19,237 மைல். பம்பாய்ப் பார்சி இளைஞர்கள் மூவர் 1923இல் கிளம்பி 1928இல் திரும்பினார்கள். ராம்நாத் பிஸ்வாஸ் 1931இல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு வங்காளியில் எழுதிக் குவித்தார். காலனியின் பிரஜை வெள்ளைக்காரனின் வகைமையைப் பிடுங்கிக்கொண்டான் என்று இதைக் கொண்டாடலாம். ஆனால் பிடுங்கிய பிறகும் வகைமையின் விதிகள் பெரிதாக மாறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தமிழில் பயண எழுத்து கப்பலிலும் ரயிலிலும் வளர்ந்ததே தவிர சைக்கிள் ஏறவில்லை. இது தற்செயல் அல்ல. நம்ம ஊரில் சைக்கிள் வேலைக்குப் போகிறவன் வண்டி.

இந்த வகைமையில் வெயில் ஒரு பாத்திரம். வில்லன் என்றே சொல்லலாம். பயணி அதனோடு மல்லுக்கட்டி ஜெயிக்கிறார். அந்த ஜெயிப்பே பக்கங்களாக நீள்கிறது. அதே வெயிலில் ரோட்டோரம் கல் உடைக்கிறவன் நிலக்காட்சியின் ஒரு பகுதி. அவனுக்குச் சுடாது, ஏனென்றால் "அவங்களுக்குப் பழக்கம்". பழக்கம் என்ற இந்தச் சொல் சாதாரணச் சொல்லல்ல. ஓர் உடலின் துன்பத்தை அனுபவமாகவும் இன்னோர் உடலின் துன்பத்தை இயற்கையாகவும் பிரித்து வைக்கும் சொல் அது. பாய்லர் பக்கத்தில் நிற்கிறவனைப் பற்றி சூபர்வைசரும் இதே சொல்லைத்தான் சொல்லுவார்.

இன்னும் கிட்டே போய்ப் பார்ப்போம், டயர் வரைக்கும். ஸ்டீவன்ஸின் வண்டிக்குக் கெட்டி ரப்பர். டன்லப் 1888இல் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகுதான் 1890களின் சைக்கிள் மோகமே கிளம்பியது. அந்த மோகத்துக்கான ரப்பரில் ஒரு பங்கு லியோபோல்டின் காங்கோவிலிருந்து வந்தது. ஒதுக்கிய அளவு ரப்பர் கொண்டுவராத கிராமங்கள் எரிக்கப்பட்டதும் மனிதர்களின் கைகள் வெட்டப்பட்டதும் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. அதற்குப் பிறகு மலாயாத் தோட்டங்கள். அங்கே பால்வெட்டப் போனது யார்? கங்காணி பிடித்துக் கொடுக்க, நாகப்பட்டினத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் கப்பலேறிய நம் ஜனங்கள். ஆக, வெப்பமண்டலத்தினூடே பயணம் என்பதே பொய்யான வாக்கியம். வெப்பமண்டலம் சக்கரத்துக்கு வெளியே விரிந்து கிடக்கவில்லை. சக்கரத்துக்குள்தான் காற்றைப் பிடித்துவைத்துக்கொண்டிருந்தது. பயண நூல்கள் பஞ்சரைப் பற்றி ஓயாமல் பேசுகின்றன. ரப்பரைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

தூரத்துக்கு வருவோம். என் அப்பா காசிமேட்டிலிருந்து எண்ணூருக்கு ஷிப்டுக்கு சைக்கிளில்தான் போனார். போக 12 கிலோமீட்டர், வர 12. வருஷத்துக்கு 300 நாள் என்றால் 7,200. வொர்க்மன் தம்பதியின் பதினாலாயிரம் மைல் ஏறத்தாழ 22,500 கிலோமீட்டர். அப்பாவுக்கு அது மூன்று வருஷமும் கொஞ்சமும். 28 வருஷ சர்வீஸில் அவர் ஓட்டியது இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும், பூமியை ஐந்து சுற்று. கேரியரில் சாப்பாட்டு டப்பா, எதிர்க்காற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் மட்கார்டில் விரலால் பெயர் எழுதலாம்.

இதைச் சொன்னபோது ஒரு நண்பர் கேட்டார்: "ஒரே ரோட்டுல போய்ட்டுப் போய்ட்டு வர்றது எப்படிங்க பயணமாகும்?" நியாயமான கேள்வி. ஆகாதுதான். ஆனால் ஏன் ஆகாது? தூரம் குறைவு என்பதாலா, வெயில் குறைவு என்பதாலா? இரண்டும் இல்லை. நினைத்த இடத்தில் இறங்கி நிற்கும் உரிமை அவருக்கு இல்லை. வொர்க்மன் தம்பதிக்கு டாக் பங்களா இருந்தது. அப்பாவுக்கு சங்கு. பத்து நிமிஷம் தாமதமானால் அரை நாள் சம்பளம். பயணப் பிரதியை உருவாக்குவது நகர்வு அல்ல, நிறுத்தம். நின்றால்தானே பார்க்க முடியும், பார்த்தால்தானே எழுத முடியும்.

ஃபேனியை இத்தோடு தள்ளிவிடவும் முடியாது. 1912இல் காரகோரப் பனியில், 'பெண்களுக்கு வாக்குரிமை' என்ற பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி நிற்கும் அவருடைய புகைப்படம் பிரசித்தம். அந்த உயரம் வரை சுமை தூக்கி வந்தவர்களைப் பற்றி இதே கை எழுதிய பக்கங்களில் எரிச்சலே மிகுதி. விடுதலையும் இளக்காரமும் ஒரே உடலில். இதற்கு எதிரே நான் வைக்க விரும்புவது புதுக்கோட்டையை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆம்பிளை சைக்கிளை எடுத்தார்கள், அதுவே வசதி என்றும் சொன்னார்கள். முன்னாடி பார் இருக்கிறதே, குழந்தையை உட்கார வைக்கலாம். பி.சாய்நாத் பதிவு செய்திருக்கும் இந்தச் சின்ன விவரம் எனக்கு ஒரு கோட்பாட்டு நூலுக்குச் சமம். பயணியின் சைக்கிளில் இருப்பது ஒரு ஜோடிக் கண்கள். இந்தச் சைக்கிளில் குழந்தை, குடம், விறகு. ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, அவர்கள் சும்மாவும் ஓட்டினார்கள், சந்தோஷத்துக்காகவும் ஓட்டினார்கள். உழைப்பு ஒரு பக்கம், உலா ஒரு பக்கம் என்று நாம் போடும் கோடு அந்தப் பாரில் நிற்பதில்லை.

இன்று நம் கடற்கரைக்கு இரண்டு ரோடு. தெற்கே ஈ.சி.ஆர்.; ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஹெல்மெட்டும் விலையுயர்ந்த சைக்கிளுமாக ஒரு கூட்டம் போகிறது. போகட்டும், பகை ஒன்றுமில்லை. வடக்கே எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கண்டெய்னர் லாரிகளுக்கும் நடுத்தடுப்புக்கும் இடையே கிடைக்கும் சந்தில் இன்றும் சைக்கிள் போகிறது. இதே திருவொற்றியூரில்தான் புல்லட் பல பத்தாண்டுகளாகச் செய்யப்பட்டது. ரெடிச்சில் சைக்கிள் செய்து பெயரெடுத்த பிராண்டு அது. அந்த மோட்டார் சைக்கிளை விற்க லடாக்கின் மலைகள் விளம்பரத்தில் வரும். டி.எச். ரோடு வராது.

பயண நூல்களில் காற்று எப்போதும் சுத்தமானது. புழுதி உண்டு, விஷம் கிடையாது. கிடந்தாலும் பயணி நாளைக்கு வேறு ஊர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சு முட்டி எழுந்த ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியிலும் கால்நடையாகவும் அந்த ரோட்டில் ஓடினார்கள். விடிந்ததும் திரும்பி வந்தார்கள். ஆலையை மூடச் சொல்லி உட்கார்ந்தார்கள். நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள்.