அடித்த கோட்டுக்குக் கீழே

கிண்டியில் ரேஸ் பார்த்துப் பழகியவர்கள் ரேஸ் புத்தகத்தை விரித்ததும் முதலில் பேனாவைத்தான் எடுப்பார்கள். பன்னிரண்டு குதிரைகள் ஓடும் பந்தயத்தில் தோற்கப்போகிறவை எவை என்று பார்த்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார்கள். 1200 மீட்டரில் மட்டுமே ஜெயித்த குதிரை இன்றைக்கு 2000 மீட்டர் ஓடுகிறதா? ஒரு கோடு. மாதக்கணக்கில் களத்துக்கே வராததா? இன்னொரு கோடு. போன தடவையைவிடக் கூடுதல் எடை சுமக்கிறதா? யோசித்துவிட்டு அதற்கும் ஒரு கோடு. மிஞ்சுகிற மூன்று நான்கில்தான் ஜாக்கி யார், டிரெய்னர் யார் என்ற பேச்சு தொடங்கும். குதிரையின் தகுதி, பயிற்சி, ஜாக்கியின் ஆற்றல் எல்லாவற்றையும் எடைபோட வேண்டியிருப்பதால் இது திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் லட்சுமணன் வழக்கில் சொன்னது. அந்தத் திறமை உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதே கேள்வி.

அதை அளந்து பார்க்கக் கிண்டியைவிட நல்ல இடம் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரி. 2022 ஜூலை, ஆகஸ்டில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்த ஊர். செஸ்ஸில் எடைச் சுமை இல்லை, ஜாக்கி இல்லை. ஒவ்வோர் ஆட்டக்காரரின் ஈலோ தரப்புள்ளியும் ஊரறிந்தது. கழித்துக்கட்டும் முறைக்கு இதைவிடச் சுத்தமான சோதனை கிடைக்காது.

பெண்கள் பிரிவில் தரவரிசையின் முதல் மூன்று இடங்களில் இருந்தவை இந்தியா, உக்ரைன், ஜார்ஜியா. பதக்கம் வாங்கியவையும் இதே மூன்று அணிகள்தான். நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட அணிகளிலிருந்து மூன்றைப் பொறுக்கி, மூன்றும் சரியாக வந்தது பெரிய காரியம். ஆனால் தங்கம் உக்ரைனுக்கு, வெள்ளி ஜார்ஜியாவுக்கு; முதலிடத்தில் வைக்கப்பட்ட இந்தியாவுக்கு வெண்கலம். கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்றதில் தங்கம் கைநழுவியது. சில புள்ளிகளே வித்தியாசம் உள்ள மூன்று அணிகளில் யார் முந்துவார் என்று சொல்லத் தரப்புள்ளியால் முடியாது. மிஞ்சிய மூன்றோடு முறை நின்றுவிடுகிறது. ரேஸ் ஆடுகிறவர் பணம் கட்டுவதோ அந்த இடத்திலிருந்துதான்.

பொதுப் பிரிவில் இந்த முறையே சரிந்தது. சராசரி 2771 புள்ளியோடு வந்த அமெரிக்கா ஐந்தாம் இடம். அன்றைய உலகச் சாம்பியன் கார்ல்சன் ஆடிய நார்வே, தரவரிசையில் மூன்றாவது, ஐம்பத்தொன்பதாம் இடத்தில் முடித்தது. தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தான் பதினான்காவதாக வைக்கப்பட்ட அணி. வெள்ளி பெற்ற ஆர்மீனியா பன்னிரண்டாவது. வெண்கலம் பெற்ற இந்தியாவின் இரண்டாம் அணி பதினொன்றாவது. முதல் பத்தை வைத்துக்கொண்டு மீதியை அடித்தவர் மூன்று பதக்கங்களையும் சேர்த்தே அடித்திருப்பார்.

இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது. இந்தியாவின் இரண்டாம் அணியில் ஆடிய பதினாறு வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். எட்டாவதில் தோற்றவர் அமெரிக்காவின் கருவானா. உஸ்பெக் அணியிலும் பெரும்பாலோர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். கொரோனாவால் 2020 மார்ச்சிலிருந்து நேரடிப் போட்டிகள் நின்றுபோயின. பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து வளர்ந்துகொண்டே இருந்தார்கள், புள்ளி வளரவில்லை. போதாததற்கு, 2400-ஐத் தொட்டவருக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் புள்ளி ஏறும் வேகத்தைச் சூத்திரமே குறைத்துவிடுகிறது. நாற்பது வயதுக்காரரின் நிலையான திறமைக்குப் பொருத்தமான அந்த நிதானம், மாதத்துக்கு மாதம் மாறுகிற சிறுவனைப் பின்தங்கியவனாகக் காட்டுகிறது. உஸ்பெக் அணியின் அப்துசத்தாரோவ் ஒலிம்பியாடுக்கு முந்தைய டிசம்பரிலேயே ரேபிட் உலகச் சாம்பியன். தகவல் எல்லார் கண்முன்னும் இருந்தது. சராசரி என்ற ஒற்றை எண் அதை மூடிவிட்டது.

முறையின் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான்: பலவீனமானதையும் இன்னும் அளக்கப்படாததையும் ஒரே கோட்டால் அடிக்கிறது. பத்துத் தடவை ஓடிப் பத்திலும் பின்தங்கிய குதிரையும், இரண்டே தடவை ஓடிய மூன்று வயதுக் குதிரையும் ஒன்றாகுமா? முன்னதை அடிக்க ஆதாரம் இருக்கிறது. பின்னதை அடிக்க இருப்பது ஆதாரமின்மை மட்டுமே. தேர்ந்த ரேஸ்காரர்கள் அதற்குத் தனிக்குறி போட்டு, காலைப் பயிற்சியில் அது எடுத்த நேரத்தையாவது பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். அவசரக்காரர்கள் அடித்துவிட்டுப் போவார்கள்.

இவ்வளவு கவனத்தோடு செய்தாலும் பணம் வருமா என்பது தனிக் கணக்கு. டோட் என்ற பந்தய முறையில் எல்லார் பணமும் ஒரே தொகுப்பில் விழுகிறது. அதில் கழிவை எடுத்துக்கொண்ட பிறகே மீதி ஜெயித்தவர்களுக்குப் பிரிகிறது. புத்தகம் வைத்திருக்கும் ஆயிரம் பேரும் அதே மூன்று குதிரைகளை மிச்சம் வைத்திருந்தால், அவற்றில் ஒன்று ஜெயித்தாலும் ஆளுக்குக் கிடைப்பது சொற்பம். ஊர் முழுக்க அடித்த குதிரையைச் சரியாகக் கண்டுகொண்டவருக்குத்தான் லாபம்; அதைக் கண்டுகொள்ளத் தேவையான ஆதாரமோ மிகக் குறைவு. அதன் மேல் வரி வேறு: 2023 அக்டோபரில் பந்தயத் தொகை முழுவதற்கும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி, 2025 செப்டம்பரிலிருந்து 40. ஆட்டத்தைப் புரிந்துகொள்ள உதவும் இந்தக் கணிப்பை நம்பி வீட்டுச் செலவுப் பணத்தை எடுத்துப்போகிறவரிடம் இந்தக் கணக்கை முதலில் போட்டுக் காட்ட வேண்டும், குதிரைகளின் பெயரைச் சொல்வதற்கு முன்பே.