துயரத்தின் கருத்துநிலை: ஸ்டீவ் இர்வினின் மரணமும் அதன் எதிர்வினைகளும்

ஒருவரின் மரணத்தையொட்டி எழும் புகழுரைகளும் ஏளனங்களும் இறந்தவரைப் பற்றிக் கூறுவதிலும் பார்க்க, அவற்றைக் கூறுவோரின் சமூகநிலை பற்றியே அதிகம் கூறுவன. கையறுநிலைப் பாடல்களைப் பயின்றோர் இதனை நன்கறிவர். புரவலன் மறைந்தபோது பாணன் பாடிய துயரில் அன்பும் உண்டு. தன் வாழ்வாதாரம் அற்றுப்போனமை பற்றிய ஏக்கமும் உண்டு. இரண்டையும் ஒருசேர நோக்கும்போதே அப்பாடல்கள் முழுமையாக விளங்குகின்றன. தொலைக்காட்சி யுகத்தின் இரங்கலையும் அவ்வாறே நோக்குதல் வேண்டும் என்பது எமது கருத்து. அவுஸ்திரேலியாவில் 2006 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஸ்டீவ் இர்வினின் மரணம் இத்தகைய நோக்குக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

குயின்ஸ்லாந்தின் பியர்வா என்னுமிடத்தில் தம் பெற்றோர் 1970 இல் நிறுவிய ஊர்வனப் பூங்காவில் வளர்ந்தவர் இர்வின். 1996 இல் ஆரம்பித்த ‘குரொக்கொடைல் ஹண்டர்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் அவரை உலகறியச் செய்தது. காக்கி உடையுடன் முதலைகளையும் நச்சுப் பாம்புகளையும் கைக்கெட்டும் தூரத்தில் நெருங்கி நின்று, ஆரவாரமாகப் பேசுவதே அவரது பாணி. 2006 செப்டெம்பர் 4 ஆம் நாள், போர்ட் டக்ளஸ் நகருக்கு அப்பாலுள்ள பவளப்பாறைத் திட்டொன்றில் படப்பிடிப்பு நடைபெற்றுக் கொண்டிருந்தபோது, திருக்கையொன்றின் வால்முள் மார்பிற் பாய்ந்து அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 44.

இம்மரணத்துக்கான எதிர்வினைகள் பல திசைகளிலிருந்து வந்தன. அரசு கொடிகளைத் தாழ்த்தியது. பாராளுமன்றத்தில் அஞ்சலியுரைகள் நிகழ்ந்தன. அரச மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்த முன்வந்தபோது, தம் மகன் ஒரு சாதாரண மனிதன் என்று கூறித் தந்தையார் அதனை மறுத்தார். பொதுமக்கள் பூங்காவின் வாயிலில் மலர்களையும், வாசகங்கள் எழுதிய காக்கிச் சட்டைகளையும் குவித்தனர். பெண்ணியச் சிந்தனையாளரான ஜேர்மெய்ன் கிரீரோ, மரணத்துக்கு மறுநாள் ‘கார்டியன்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், விலங்குகளின் வாழிடத்துள் அத்துமீறிய மனிதன்மீது விலங்குலகம் இறுதியிற் பழிதீர்த்துக்கொண்டது என்னும் கருத்தை முன்வைத்தார். அவருக்கெதிராகக் கடுங் கண்டனம் எழுந்தது. சில நாட்களின் பின், வாலறுக்கப்பட்டவை உட்படக் குறைந்தது 10 திருக்கைகள் குயின்ஸ்லாந்துக் கரையோரங்களில் இறந்து கிடந்தன. இது பழிவாங்கலாயிருக்கலாம் என அஞ்சப்பட்டது. இர்வின் நிறுவிய வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பே அச்செயலைக் கண்டித்தது.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒற்றுமையொன்று உண்டு. திருக்கையின் வால்முள் தற்காப்புக்கானது. அச்சுறுத்தப்பட்ட நிலையில் அது வீசப்படுகின்றது. அவ்வுயிரிக்கு நீதியும் இல்லை, வஞ்சமும் இல்லை. ஆயின், கிரீர் அதனை நியாயம் வழங்கும் நீதிபதியாக்கினார்; கரையோரத்தில் வாலறுத்தோர், அஞ்சப்பட்டவாறே வஞ்சினத்தால் அதனைச் செய்திருப்பின், அதனைக் குற்றவாளியாக்கினர். ஒருவர் கற்றவர், மற்றையோர் ‘பாமரர்’ எனப்படலாம். இருசாராரும் இயற்கைக்கு மனிதச் சித்தத்தை ஏற்றுவதில் ஒன்றுபடுகின்றனர். மனிதருக்கிடையிலான உறவொன்று மனிதனுக்கும் மீனுக்குமிடையிலான பூசலாக உருமாறுகின்றது. இதுவே கருத்துநிலையின் தொழிற்பாடு.

மறைக்கப்பட்ட அவ்வுறவு யாது? இர்வின் இறந்தது உழைப்பின்போது. கடலின் கொடிய உயிரினங்கள் பற்றிய ஆவணப்படமொன்றுக்காகவே குழு அங்கு சென்றிருந்தது. சீரற்ற வானிலையால் அப்படப்பிடிப்புத் தடைப்பட்ட இடைவேளையில், தம் மகளின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குரிய காட்சிகளுக்காகவே அவர் ஆழமற்ற நீரில் இறங்கினார். மழைநாளும் வீண்போகாது காட்சியாக்கப்பட வேண்டும் என்பது தனிமனிதரின் துடிப்பு மட்டுமன்று; அது அத்தொழிலின் விதியுமாகும். ஆபத்தே பண்டமாகும் சந்தையில் நேற்றைய நெருக்கம் இன்று போதாதாகின்றது. இர்வினை வெறும் கூலியுழைப்பாளராகக் காட்டுதல் பிழை. அவர் பூங்காவின் உரிமையாளர், தம் புகழாற் பயன்பெற்றவர். வருவாயிற் பெரும்பகுதியை வனவிலங்குகளுக்கான நிலங்களை வாங்கச் செலவிட்டவரும், முதலைகளைப் பொழுதுபோக்குக்காக வேட்டையாடுவதை எதிர்த்தவரும் அவரே. எனினும், அவரது முதன்மையான உற்பத்திக் கருவி அவரது உடலே. அந்த முரண்பாட்டை ‘வீரன்’ என்ற சொல்லும் விளக்காது. ‘மூடன்’ என்ற சொல்லும் விளக்காது.

இனி, அரசின் துயரை நோக்குவோம். அன்றைய பிரதமர் ஜோன் ஹோவார்ட், இர்வினை அசலான அவுஸ்திரேலியராகப் போற்றினார். இர்வினும் அவரை வெளிப்படையாகப் புகழ்ந்தவரே. அதே அரசின் ‘வேர்க் சோய்சஸ்’ தொழிற்சட்டம் அதே 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்து, 100 பேர் வரை பணிபுரியும் நிறுவனங்களின் ஊழியர்களுக்கு, நியாயமற்ற பணிநீக்கத்துக்கெதிராக இருந்த பாதுகாப்பை நீக்கியிருந்தது. சாதாரண மனிதனின் உழைப்பு மலிவாக்கப்பட்ட அதே காலத்திலேயே அவனது உருவம் தேசியச் சின்னமாக உயர்த்தப்பட்டது. எதிர்க்கட்சியினரும் இப்போற்றுதலில் இணைந்தனர். கிரீரைச் சாடியோருள் கெவின் ரட்டும் ஒருவர். தேசியத் துயரம் வர்க்க வேறுபாட்டைத் தற்காலிகமாகவேனும் துடைத்துவிடுகின்றது.

ஆயின், இதனைக் கூறியவுடன் எமது பணி முடிந்துவிடுவதில்லை. முற்போக்கு விமர்சகர் பலர் இவ்விடத்தில் இழைக்கும் தவறு, மக்களின் கண்ணீரை ஊடகத்தின் உற்பத்தி என்று கூறி நகைத்துவிடுவதாகும். காக்கிச் சட்டையை வாயிலில் வைத்துச் சென்றவர், மெருகூட்டப்படாத பேச்சும் மண்படிந்த கைகளுமுடைய ஒருவரிடம் தம்மைக் கண்டார். உயர்குழாத்தின் தொலைக்காட்சி அவருக்கு அரிதாகவே அளித்த அங்கீகாரம் அது. அத்தேவை மெய்யானது, அதற்குக் கிடைத்த வடிவமே சந்தைக்குரியது. கிரீரின் கட்டுரையில் விலங்குகளின்பாற்பட்ட கரிசனை நியாயமானதே. ஆனால் அதனுடன் கலந்திருந்த இகழ்ச்சி, அவர் எவரிடம் பேசவேண்டியிருந்ததோ அவர்களின் செவிகளை மூடிவிட்டது.

2006 செப்டெம்பர் 20 இல் பூங்காவின் அரங்கில் நிகழ்ந்த நினைவுக்கூட்டம் நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. எட்டு வயது மகளின் உரையே அதில் நெஞ்சைத் தொட்டது. தடைப்பட்ட ஆவணப்படமும் 2007 ஜனவரியில் வெளிவந்தது. ஆயினும், மரணம் பதிவான காட்சி ஒளிபரப்பப்படவில்லை. அது ஒருபோதும் காட்டப்படலாகாது என்பதில் அவரது நீண்டகாலத் தயாரிப்பாளரும் நண்பருமான ஜோன் ஸ்டெயின்டன் உறுதியாக நின்றார். சந்தை மிகக் கூடிய விலை கொடுத்திருக்கக்கூடிய அப்பண்டம், அச்சந்தையிலேயே வாழ்ந்தோரால் விற்க மறுக்கப்பட்டது. துயரம் முற்றுமுழுதாகப் பண்டமாகிவிடவில்லை என்பதற்கு அம்மறுப்பே சான்று. மக்களின் உணர்வில் எஞ்சியிருக்கும் அத்தகைய மறுப்புகளை இனங்காணாத விமர்சனம், எத்துணை கூர்மையுடையதாயினும், மக்களுக்குரியதாகாது.