ஆத்மாநாம் கவிதைகளும் உளநோயும்

ஆத்மாநாம் (1951–1984) உளநோயால் வருந்தித் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர். ஆதலின் அவர் கவிதைகளை நோயின் குறிகளாகவே கொள்வார் உளர். இக்கொள்கை பொருந்தாது. ‘ழ’ இதழின் ஆசிரியராயிருந்து பிறர் கவிதைகளைத் தேர்ந்தவர் அவர். 1981இல் ‘காகிதத்தில் ஒரு கோடு’ தொகுதியை வெளியிட்டவர். எளிய சொல்லும் எள்ளலும் பிறர் துயரில் அக்கறையும் அவர் கவிதைகளின் இயல்புகள். நோய் வாழ்வைக் குலைத்தது. சொல்லைத் தேர்ந்து அடுக்கியவர் கவிஞரே.

இவ்வேறுபாட்டை உணர்தல் குருநகருக்கும் வேண்டுவதாம். 1986 யூன் 10இல் மண்டைதீவுக் கடலில் மீனவர் பலரைப் பறிகொடுத்த ஊர் அது. துயரால் உளம் நொந்தோர் பாடினும் எழுதினும், ‘பைத்தியம்’ என்னும் ஒரு சொல்லால் அக்குரலை அடைத்துவிடுதல் எளிது. ஆத்மாநாமைக் கவிஞராகப் படிக்கக் கற்றவர் அயல்வீட்டுக் குரலுக்கும் செவிசாய்ப்பர்.