பாக்கெட்டில் கல்லோடு பூமியின் மையத்துக்கு

ஜூல்ஸ் வெர்ன் 1864-ல் எழுதிய ‘பூமியின் மையத்துக்கு ஒரு பயணம்’ நாவலில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒரு சின்ன வாக்குவாதம். கீழே போகப் போகக் காற்று இறுகி, கடைசியில் தண்ணீர் மாதிரி அடர்த்தியாகிவிட்டால் எப்படி இறங்குவது என்று ஆக்ஸல் கேட்கிறான். பாக்கெட்டில் கல்லைப் போட்டுக்கலாம் என்று முடித்துவிடுகிறார் மாமா லிடன்புரோக்.

நாவல் சிரித்துக்கொண்டே தாண்டிப்போன அந்தக் கேள்விக்குள்தான் உண்மையான பூமி இருக்கிறது.

மையத்தில் உள்ள அழுத்தம், நாம் வாழும் தரைமட்டக் காற்றழுத்தத்தைப் போல 35 லட்சம் மடங்குக்கும் மேல். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சுமார் 410 கிலோமீட்டர் ஆழத்திலேயே ஆலிவின் என்ற பச்சைக் கல்லின் அணுக்கள் இன்னும் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு வேறு கனிமமாகின்றன. இன்னும் கீழே அது ரிங்வுடைட். சரக்கு அதேதான், அடுக்கு மட்டும் வேற. 660-ல் அதுவும் தாங்காமல் இரண்டு கனிமங்களாகப் பிரிகிறது. நடுமையத்து இரும்போ 5,000 டிகிரிச் சூட்டிலும் உருகாமல் கிடக்கிறது. அழுத்தம் உருக விடுவதில்லை.

வெர்னின் ஆழத்தில் எதுவும் இப்படி மாறுவதில்லை. ஐஸ்லாந்தில் எரிமலை வாய்க்குள் இறங்குபவர்கள் கடல், புயல், காளான் காடு எல்லாம் பார்த்துவிட்டு இத்தாலியின் ஸ்ட்ரொம்போலியில் வெளியே வருகிறார்கள். மேலே உள்ளதையே கொஞ்சம் பெரிசாக்கிக் கீழே வைத்திருக்கிறார். 1864-ல் இதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். தெரியாததை நான் குறை சொல்லலை. கேள்வியைத் தன் பாத்திரத்தின் வாயிலேயே வைத்துவிட்டு, அதன் பின்னால் போகாமல் விட்டாரே, அதைச் சொல்கிறேன்.

பிரேசிலின் ஜுயினா பகுதியில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் ரிங்வுடைட் துணுக்கு இருப்பதாக 2014-ல் அறிவித்தார்கள். அதன் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் தண்ணீர், படிகத்துக்குள்ளேயே பிணைந்து கிடக்கும் தண்ணீர். ஆக, வெர்ன் சொன்ன மாதிரி கீழே தண்ணீர் இருக்கு. ஆனால் அதில் படகு விட முடியாது.

ஒரு கதையை ‘ஆழமானது’ என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் வெர்னின் ஆழத்தைத்தான் நினைக்கிறோம்: ஒளிந்திருக்கும் ஓர் அறை, விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பூமியின் ஆழத்தில் எந்தப் பொருளும் பழைய உருவத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடிவதில்லை. கதையிலும் அப்படித்தான் இருக்கணும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆக்ஸல் ஊர் திரும்பி, காதலித்தவளையே கல்யாணம் செய்துகொள்கிறான். சந்தோஷம். ஆனால் அவன் எவ்வளவு ஆழம் போனான் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.