ஒவ்வொரு மைக்ரோவோல்ட்டுக்கும் கணக்கு

வேகமான, இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டை ஆசிலோஸ்கோப்பில் வைத்தால், சிக்னல் இல்லாதபோதும் கோடு தடித்துத்தான் தெரியும். அந்தத் தடிமன் ஏன் இவ்வளவு என்று கணக்குச் சொல்ல முடிகிற அளவீட்டைத்தான் ரசிக்க வேண்டும். வெறுமனே சின்னதாக வந்த எண்ணில் அழகு இல்லை. கணக்குக்கு அடிப்படை 1928-லேயே கிடைத்துவிட்டது. மின்னோட்டமே பாயாத ரெசிஸ்டரிலும் வெப்பத்தால் மின்னழுத்தம் துடிக்கிறது என்று பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்து காட்டினார், நைக்விஸ்ட் விளக்கம் தந்தார். அறை வெப்பத்தில் 50 ஓமுக்கு அது ரூட் ஹெர்ட்ஸுக்குச் சுமார் 0.9 நானோவோல்ட்.

ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல், பின்னூட்ட ரெசிஸ்டர்களின் பங்கையும் சேர்த்து, ரூட் ஹெர்ட்ஸுக்கு 1 நானோவோல்ட், கெயின் 100, பேண்ட்வித் 10 மெகாஹெர்ட்ஸ் என்று கொள்வோம். ஒற்றை முனைச் சரிவென்றால் இரைச்சல் பார்க்கும் அகலம் 15.7 மெகாஹெர்ட்ஸ். உள்ளீட்டைத் தரையோடு இணைத்தால் வெளியீட்டில் சுமார் 400 மைக்ரோவோல்ட் ஆர்எம்எஸ் வர வேண்டும். ஸ்கோப்பின் சொந்த இரைச்சல் 300 என்றால் திரையில் 500 காட்டும், 700 அல்ல. தொடர்பில்லாத இரைச்சல்கள் வர்க்கமாகத்தான் கூடும், கழிப்பதும் அப்படியே. இனி உள்ளீட்டில் 50 ஓம் வையுங்கள். ஸ்கோப்பின் பங்கு போக 400 என்பது ஏறத்தாழ 540 ஆனால் கெயின், பேண்ட்வித், கருவி மூன்றும் ஒரே சாட்சி சொல்கின்றன. பெரிய தடையை வைத்தால் ஏற்றம் பளிச்சென்று தெரியுமே என்று தோன்றும். ஆனால் உள்ளீட்டுக் கெப்பாசிட்டன்ஸ் அதோடு சேர்ந்து பேண்ட்வித்தைத் தின்னும், ஆம்ப்ளிஃபையரின் மின்னோட்ட இரைச்சலும் புகுந்து கணக்கைக் குழப்பும்.

ஸ்பெக்ட்ரம் அனலைசர் இருக்க இத்தனை பாடு எதற்கு என்பார்கள். டெசிபலில் சராசரி எடுக்கும் அனலைசர் இரைச்சலைச் சுமார் 2.5 டெசிபல் குறைத்தே காட்டும். அதைத் திருத்தத் தெரியாதவருக்கு அதுவும் பொய் எண்தான். ஆனால் அது காட்டும் வடிவம் ஒரு விருந்து. ஃபோட்டோடையோடு ஆம்ப்ளிஃபையரில், சமதளமாக ஓடும் இரைச்சல் மேல் எல்லையை நெருங்கும்போது மேடாக எழும். டையோடின் கெப்பாசிட்டன்ஸ் செய்கிற வேலை அது. பின்னூட்டத்தில் சிறு கெப்பாசிட்டரைக் கூட்டினால் மேடு அமரும். இடையில் ஊசியாக நிற்பவை பெரும்பாலும் பவர் சப்ளையிலிருந்தோ எஃப்எம் வானொலியிலிருந்தோ வந்தவை. உலோக மூடியைப் போட்டால் எது படுக்கிறது என்று பாருங்கள். எண் குறைந்தால் போதாதா என்றால், போதாது: பேண்ட்வித் பாதியான ஆம்ப்ளிஃபையரும் குறைந்த எண்ணையே காட்டும். அதனால் இரைச்சலை அளக்கும் முன் சைன் அலை கொடுத்து, கெயின் 3 டெசிபல் சரியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.